அரையிறுதிக் காய்ச்சல்

என் மனைவி என்னைவிட உயரம். கலியாணத்தன்று அது படத்தில் தெரியக்கூடாது என்று படம் பிடிக்க வந்தவர் என்னை மணவறைப் படியில் ஏறி நிற்கச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு, "இறங்குங்கோ. நாளைக்கு ரோட்டிலை போகேக்கை படியையும் தூக்கிக்கொண்டு போகேலாது" என்றாள். நான் இறங்கிவிட்டேன்.

அவள் துணுக்காய்ப் பக்கத்து வயல்காரரின் மகள். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தில் தொடங்கி, உயரத்தைப் பார்த்த யாரோ ஒரு ஆசிரியை கூடைப்பந்துக்கு இழுத்துவிட, மாகாண அணி வரைக்கும் போனவள். வளையத்துக்குக் கீழே நிற்பவள் அவள். பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை மற்றவர்களுக்கு முதல் எட்டிப் பிடிப்பதும், எதிரணி உள்ளே வந்தால் கையை உயர்த்தி மறிப்பதும்தான் அவளுடைய வேலை. கலியாணம், பிறகு மகள் என்று வந்ததும் விளையாட்டு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். மகள் நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் அலுமாரியின் அடியிலிருந்து பழைய சப்பாத்தை எடுத்துத் துடைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கிளிநொச்சி டவுனில் உள்ள திடலுக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு விளையாடினாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பேன்.

மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் அவளுடைய முழங்காலைப் பார்ப்பேன். என் சுபாவம் அது. விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞர் வேலை, பயப்படுவதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனாலும் வீட்டைப் பூட்டிவிட்டு கேற் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். ஒரு ஆள் நேரத்துக்கு வீடு வராவிட்டால் அதற்குப் பல அர்த்தங்கள் இருந்த காலத்தில் வளர்ந்தவன். அந்தக் காலம் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு ஆவணி மாதம் கொழும்பிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு கம்பனிக்குச் சொந்தமான பெண்கள் அணி, ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் கொடுத்து லீக் போட்டிகளில் விளையாட விடுகிறது. அவர்களுடைய உயரமான ஆட்டக்காரி வெளிநாடு போய்விட்டாளாம். முன்பு மாகாணப் போட்டியில் என் மனைவியைக் கண்ட பயிற்றுநருக்கு அவளுடைய ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். பருவம் முடியும்வரை கொழும்பில் விடுதியில் தங்கவேண்டும். நன்றாக விளையாடினால் அடுத்த பருவமும் கூப்பிடுவார்கள்.

என் அக்கா எங்களுடைய பக்கத்து வளவில் தனியே இருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் என்பதால் எங்கள் வீட்டில் அவளுக்கு என்ன சொல்லவும் உரிமை உண்டு.

"பிள்ளைக்கு இன்னும் மூண்டு வயசு ஆகேல்லை. அதை விட்டிட்டுப் பந்தடிக்கப் போறதோ?" என்று அக்கா கேட்டாள்.

"இப்ப போகேல்லை எண்டால் இனி ஒருதரும் என்னைக் கேக்க மாட்டினம், மச்சாள்" என்றாள் மனைவி.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்லுறாய்?"

"போகட்டும்" என்றேன். அக்காவுக்குக் கேட்கவில்லை. இரண்டாந் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் புறப்பட்ட அன்று புகையிரத நிலையத்தில் மகள் அழவில்லை. தாயின் விளையாட்டுப் பையின் சிப்பைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தாள். ரயில் வரும் சத்தம் கேட்டதும் மனைவி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "எனக்கு ஒண்டையும் மறைக்கக் கூடாது. சளி எண்டாலும், விழுந்து முட்டி உரஞ்சினாலும் சொல்ல வேணும். நான் அங்கை கவலைப்படுவன் எண்டு நீங்கள் இஞ்சை முடிவெடுக்கக் கூடாது. சரியோ?"

"சரி" என்றேன். "நீரும் காலிலை ஏதும் நோ எண்டால் சொல்லும்."

"சொல்லுவன்."

முதல் ஆட்டத்தை நானும் அக்காவும் போனில் பார்த்தோம். அந்தக் கம்பனி தன்னுடைய ஆட்டங்களை நேரலையாகப் போடும். வர்ணனை சிங்களத்தில். எனக்கு விளங்கியது பாதி. அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மடியில் சீருடையை வைத்துச் சட்டைக்குத் தெறி தைத்தபடி, "இவள் எங்கை நிக்கிறாள்? இவளோ? ஏன் அந்தப் பெட்டை இவளை இடிக்கிறாள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த விளையாட்டில் ஒரு ஆட்டக்காரி ஐந்து தரம் தவறு செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். என் மனைவி இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்திலேயே ஐந்தாவது தவறைச் செய்துவிட்டாள். மத்தியஸ்தர் விசிலை ஊத, அவள் தலையைக் குனிந்துகொண்டு திடலின் ஓரத்து வாங்கில் போய் இருந்தாள். கமெரா அவளை விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டது. நான் போனைப் பக்கத்தில் சரித்துப் பார்த்தேன், சரித்தால் அவள் தெரிவாள் என்பதுபோல.

அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. அடுத்ததிலும் தோற்றது. அதற்கு அடுத்ததிலும்.

பின்னேரங்களில் அவள் வீடியோவில் கதைப்பாள். மகள் போனை நக்குவாள், சோற்றுக் கையால் தொடுவாள், பிறகு ஓடிவிடுவாள். அதன்பிறகு நாங்கள் இருவரும் கதைப்போம்.

"இஞ்சை எல்லாரும் நல்ல வேகம். பள்ளிக்கூடப் பிள்ளையளோடை விளையாடினது காணாது. நான் ஒரு அடி பிந்திப் போறன், அதாலை கை அவையிலை படுது."

"அவை ஏதும் சொன்னவையோ?"

"கம்பனியின்ரை அணி மனேச்சர் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் பயமாயிருக்கு."

அவளுக்குப் பயம் என்று அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம். அன்றைக்கு நான் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் அணியின் தலைவி. கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண், குள்ளமானவள், பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்களுக்கு நடுவில் மீன்போல வழுகிப் போவாள். அவளுக்கும் ஒரு மகன், ஊரில் தாயோடு விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள்தான் என் மனைவியைக் காலையில் எல்லோருக்கும் முதல் எழுப்பித் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கையை வீசாமல் காலை நகர்த்திப் போய் நிற்கப் பழக்கினாளாம். இருவருக்கும் பொதுவான மொழி கொஞ்ச ஆங்கிலமும், அவளுடைய கொஞ்சத் தமிழும், இவளுடைய கொஞ்சச் சிங்களமும்தான்.

மழை தொடங்கிய நேரத்தில் அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் மழை வந்தால் இணையம் விட்டுவிட்டு வரும். படம் உறைந்து நிற்கும், பிறகு புள்ளி மட்டும் மாறியிருக்கும். மனைவி ஆட்டம் முழுக்க நின்று விளையாடினாள். நான் அவளுடைய தவறுகளை விரல் மடித்து எண்ணுவேன். நாலாவது விரலை மடித்துவிட்டால் பிறகு என்னால் படத்தைப் பார்க்க முடியாது, குசினிக்குப் போய்விடுவேன். அக்கா கூப்பிட்டுச் சொல்லுவாள். "ஒண்டும் நடக்கேல்லை, வா. அவள் கெட்டிக்காரி. கையைப் பின்னாலை கட்டிக்கொண்டெல்லோ நிக்கிறாள்."

கடைசி லீக் ஆட்டத்தன்று அவர்களும் வென்று, இன்னொரு அணி தோற்றதால், நாலாவது இடத்துக்கு ஏறி அரையிறுதிக்குப் போனார்கள். நாலாவதாக வந்தவர்கள் முதலாவதாக வந்தவர்களோடு மோத வேண்டும். மூன்று ஆட்டம், அதில் இரண்டை வெல்பவர்கள் இறுதிக்கு. அந்த முதல் அணி பருவம் முழுக்கத் தோற்கவே இல்லை.

முதல் ஆட்டத்தில் அவர்கள் எங்களைப் படுமோசமாகத் தோற்கடித்தார்கள். "எங்களை" என்று நான் எப்போது சொல்லத் தொடங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆட்டத்தன்று அலுவலகத்திலிருந்து நேரத்துக்கே வந்துவிட்டேன். அக்கா தையலை வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். மகள் வழக்கத்துக்கு மாறாக என் மடியில் வந்து சுருண்டு படுத்தாள். ஆட்டம் தொடங்கியது. மனைவி அன்றைக்கு விளையாடியதுபோல நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பலகையில் பட்ட பந்தெல்லாம் அவளுடைய கைக்கே வந்தது. எதிரணியின் உயரமான வெளிநாட்டுக்காரி உள்ளே வந்தபோது அவள் நேராக எழும்பி, ஆளில் படாமல், பந்தைத் தட்டிவிட்டாள். அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

நான் எழும்பவில்லை. என் தொடையில் சூடு ஏறியிருந்தது. முதலில் போன் சுடுகிறது என்று நினைத்தேன். பிறகு மகளின் நெற்றியில் கையை வைத்தேன்.

"அக்கா, இஞ்சை ஒருக்கால் தொட்டுப் பார்."

அக்கா கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினாள். கை பட்டதும் போனை மறந்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்தபோது நான் மகளின் கை கால்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அணி வென்றதை வர்ணனையாளரின் கூச்சலில்தான் அறிந்தேன். சற்று நேரத்தில் மனைவி அழைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, "பாத்தனீங்களோ? பாத்தனீங்களோ?" என்றாள்.

"பாத்தனாங்கள். நல்லா விளையாடினனீர்." பிறகு, "பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது" என்றேன்.

சிரிப்பு நின்றது. "எப்ப தொடக்கம்?"

"இப்பதான். மருந்து குடுத்திட்டம். விடிய டொக்டரிட்டைக் காட்டுறன்."

"மழைக்காலம். நுளம்புக் காய்ச்சலோ எண்டு கேளுங்கோ. இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கோ."

"ஓம்."

நான் நினைத்துப் பயந்ததும் அதுதான்.

முதல் சோதனையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. காய்ச்சல் விடாமல் காய்ந்தது. மறுபடி சோதித்தபோது டெங்கு என்று சொல்லி மாவட்ட வைத்தியசாலையிலேயே தங்கவைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கான நோயாளர் விடுதியில் தாய்மாருக்குத்தான் நிற்க அனுமதி. தாய்க்குப் பதிலாக அக்காதான் நின்றாள். நான் பார்வையாளர் நேரத்தில் உள்ளே போவேன், மற்ற நேரம் வெளியே விறாந்தை வாங்கில் இருப்பேன். உள்ளே ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாய். பக்கத்துக் கட்டில் பெண், புளியங்குளத்துப் பக்கமாம், அக்காவிடம் கேட்டாள்: "தாய் எங்கை?"

நான் சாமான் பையை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று பயமாக இருந்தது.

"தாய் கொழும்பிலை வேலை" என்றாள் அக்கா. "முக்கியமான வேலை. விட்டிட்டு வரேலாது."

இளம் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். பொறுமையாகக் கதைப்பவர். என்ன குடிக்கிறாள், எவ்வளவு சிறுநீர் போகிறாள் என்று ஒவ்வொரு முறையும் அளந்து சொல்லச் சொன்னார். அன்று பின்னேரம் மகளின் உடம்பு குளிர்ந்திருந்தது. நான் சந்தோசத்தோடு அவரிடம் ஓடினேன்.

"காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர்."

அவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "இதிலை காய்ச்சல் விடுறதுதான் கவனிக்க வேண்டிய நேரம், ஐயா. இண்டைக்கும் நாளைக்கும் நாங்கள் நல்லாய்ப் பாக்க வேணும். இரத்தத்திலை தட்டணுக்கள் குறைஞ்சு வருது. பயப்பிடாதேங்கோ, ஆனால் கவனமாய் இருங்கோ."

பயப்படாமல் கவனமாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் வைத்தியசாலை முற்றத்துக்குப் போய், மழைத் தூறலில் நின்று மனைவியை அழைத்தேன். வைத்தியர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். மூன்றாவது ஆட்டம் மறுநாள் பின்னேரம்.

 அவளுக்குப் பின்னால் பந்து தட்டும் சத்தமும் பெண்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டன. அவள் திடலில் நிற்கிறாள்.

"நான் வாறன்" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா நோயாளர் விடுதி வாசலில் நின்று கையைக் காட்டினாள். போனை வாங்கினாள். "பிள்ளை, நீ வராதை. நான் இஞ்சை நிக்கிறன். கண்ணை மூடாமல் பாக்கிறன். நாளைக்கு விளையாடிப்போட்டு வா." அக்காவின் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "ஓம். ஓம், விளங்குது. நீ பெத்தனீ" என்று சொல்லிப் போனை என்னிடம் தந்தாள்.

மனைவி பயிற்றுநரிடம் சொன்னபோது அவர் அவளுடைய தலையைத் தடவிப் போய்வரச் சொன்னாராம். மனேச்சர் வேறு மாதிரி. இது வேலை, வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது நடக்கும், நாளைக்கு அணி தோற்றால் மேலிடத்துக்கு நான் என்ன சொல்வது, அடுத்த பருவத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றாராம். தலைவிதான் அவளுடைய உடுப்புகளைப் பையில் திணித்து, விடியும் முன்பே முச்சக்கரவண்டி பிடித்து, பஸ்சில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலை முழுவதும் அவள் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே வந்தாள். மகள் என்ன குடித்தாள் என்று கேட்பாள், நான் எழுதுவேன். இளநீர் கொஞ்சம், தோடம்பழச் சாறு வேண்டாம் என்கிறாள், கஞ்சி இரண்டு கரண்டி. வயிறு நோகிறது என்று மகள் அழுதாள். அதையும் எழுதினேன். எழுதாமல் விடலாம் என்று கை நின்றது உண்மை. ஆனால் எழுதினேன். தாதிமார் வந்து சேலைன் வேகத்தை மாற்றினார்கள்.

வவுனியா தாண்டிவிட்டேன் என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் அழைத்தேன். மணி போகவில்லை. மறுபடி அழைத்தேன். விறாந்தையில் யாரோ கதைத்தார்கள்: இரவு பெய்த மழையில் குளங்கள் நிரம்பி வழிந்து, புளியங்குளத்துக்கு அங்காலே ரோட்டுக்கு மேலால் வெள்ளம் போகிறது, பஸ்கள் நிற்கின்றன. இன்னொருவர், ஒரு வான் வண்டி வெள்ளத்தில் இழுபட்டுப்போனதாம் என்றார். யாருடைய வான், எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆரோ சொன்னார்கள் என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று எழும்பினேன். வாசல் வரை போனேன். மகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று திரும்பி வந்தேன். மறுபடி எழும்பினேன். காவலாளி, "தம்பி, ஒரு இடத்திலை இருங்கோ" என்றார்.

பார்வையாளர் நேரம் வந்ததும் உள்ளே போனேன். மகள் நித்திரை. உதடு வெடித்திருந்தது. அக்கா அவளுடைய கையைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாள்.

"போன் போகேல்லையோ?"

"இல்லை. ரோட்டிலை வெள்ளமாம்."

"வெள்ளத்திலை சிக்னல் இல்லாமல் போறது வழமைதானே." சொல்லிவிட்டு அவளும் யன்னலால் வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "இப்ப மட்ச் தொடங்கியிருக்கும். போடு பாப்பம்" என்றாள்.

"இப்பவோ?"

"பின்னை என்ன? இருந்து என்ரை முகத்தையோ பாக்கப்போறாய்? போடு. சத்தம் வையாதை."

சத்தமில்லாமல் பார்த்தோம். மனைவியின் இடத்தில் பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி நின்றாள், பருவம் முழுக்க வாங்கில் இருந்தவள். பந்து கைக்கு வந்தால் பயத்தில் உடனே வேறு ஒருத்திக்கு எறிந்துவிட்டாள். புளியங்குளத்துப் பெண்ணும் எட்டிப் பார்த்து, "இது என்ன விளையாட்டு?" என்றாள். "இவளின்ரை தாயின்ரை வேலை" என்றாள் அக்கா. என் கண் பாதி ஆட்டத்திலும் பாதி சேலைன் துளியிலும் இருந்தது. திரைக்கு மேல் செய்தி வந்தால் தெரியும் என்பதற்காகத்தான் நான் போனைப் பார்த்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

அந்தப் பெட்டை இரண்டாவது பாதியில் பயத்தை மறந்தாள். தலைவி பந்தைக் கொண்டுவந்து கொண்டுவந்து அவளுடைய கையில் கொடுத்தாள். கடைசி நேரத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் அணி வென்றது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உடனே போனை வாங்கி மனைவிக்கு மறுபடி அழைத்தேன். மணி போகவில்லை.

அவள் வந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்து, நான் வாங்கில் இருந்தேன். கேற்றடியில் காவலாளி யாரையோ மறித்துக் கதைப்பது கேட்டது. எழும்பிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு மேலால் அவளுடைய தலை தெரிந்தது. இடுப்பு வரை சேறு. கையில் விளையாட்டுப் பை. பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் மற்ற ஆட்களோடு நின்றுகொண்டே வெள்ளத்தைத் தாண்டி, பிறகு ஒரு மரக்கறி லொறியில் வந்திருக்கிறாள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது.

"பிள்ளை?" என்றாள்.

"உள்ளை. நித்திரை. பின்னேரம் ஒருக்கால் நல்லாய் மூத்திரம் போனவள். டொக்டர் நல்லது எண்டவா."

 உள்ளேயிருந்து அக்கா ஓடிவந்து, "தாய் வந்திட்டா, விடுங்கோ" என்று தன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மனைவி குழாயடியில் கால் கை கழுவிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவால் பார்த்தேன். மகள் விழித்து, தாயின் ஈரத் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் நான் வாங்கில் சரியாக முதுகைச் சாய்த்தேன். 

மறுநாள் தட்டணுக்கள் கூடத் தொடங்கிவிட்டன. வைத்தியர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். மனைவி விறாந்தைக்கு வந்து என் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தாள்.

"தோத்திட்டினமோ?" என்று கேட்டாள். அதுவரைக்கும் அவள் கேட்கவே இல்லை.

"இல்லை. வெண்டிட்டினம். ஒரு புள்ளியாலை."

முகம் மலர்ந்தது. "உண்மையாவோ? ஆர் என்ரை இடத்திலை விளையாடினது?" சொன்னேன். "அந்தச் சின்னனோ? நல்லாய் விளையாடினவளோ?"

"நல்லாய் விளையாடினவள்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "நல்லது" என்றாள். பிறகு, "நான் இல்லாமலே வெல்லலாம் எண்டு இப்ப மனேச்சருக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். "ஒண்டும் சொல்லாதேங்கோ. எனக்குச் சந்தோசம்தான். சந்தோசமாயும் இருக்கு, ஒரு மாதிரியாயும் இருக்கு. வந்ததுக்கு நான் கவலைப்படேல்லை" என்று எழும்பி உள்ளே போய்விட்டாள்.

மகள் வீட்டுக்கு வந்தபோது இறுதியாட்டத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. மனைவி போகவா விடவா என்று தவித்தாள். மகள் ஒவ்வொரு தரம் கொட்டாவி விட்டபோதும் நாங்கள் இருவரும் நெற்றியைத் தொட்டோம். கடைசியில் அக்காதான் முடித்துவைத்தாள். "நீ போ. பிள்ளை என்னோடை நிக்கும். இவனையும் கூட்டிக்கொண்டு போ. இஞ்சை நிண்டால் எனக்குப் பிள்ளையையும் பாக்க வேணும், இவனையும் பாக்க வேணும்."

அப்படித்தான் நான் முதன்முதலாக ஒரு பெரிய ஆட்டத்தை நேரில் பார்த்தேன். கொழும்பில் பெரிய உள்ளரங்கு. சப்பாத்துகள் தரையில் கீச்சிடும் சத்தம் போனில் இவ்வளவு கேட்பதில்லை. மனைவி வாங்கில் இருந்தாள். அந்தச் சின்னப் பெட்டைதான் தொடங்கினாள். என் பின்னால் இருந்த இரண்டு பேர் தமிழில் கதைத்தார்கள். "அந்த நெட்டை ஏன் இருக்கிறாள்?" "பிள்ளைக்கு வருத்தமெண்டு அரையிறுதிக்கு வராமல் ஓடினவளாம்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த போனைப் பார்த்தேன். மகள் கஞ்சி குடிக்கும் படத்தை அக்கா அனுப்பியிருந்தாள்.

மூன்றாவது கால்பகுதியில் அந்தப் பெட்டைக்கு நாலு தவறு ஆகிவிட்டது. பயிற்றுநர் கையைக் காட்டினார். மனைவி மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அப்போது அணி பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தது. அவள் பந்தைப் பிடித்தாள், விழுந்தாள், எழும்பினாள். வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் இருந்தவர்கள் "நெட்டை, நெட்டை" என்று கத்தினார்கள். நான் கத்தாமல் அவளுடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிய ஒரு வீச்சுக்குத்தான் நேரமிருந்தது. தலைவி எறிந்த பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது. மனைவி எட்டிப் பிடித்தாள். அவள் மறுபடி எறியுமுன் முடிவு மணி அடித்துவிட்டது. ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றார்கள்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் காத்து நின்றேன். தலைவி என்னைக் கண்டு நேராக வந்தாள். அழுத கண். "அண்ணா, பேபி சுகமா?" என்று கேட்டாள். சுகம் என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். மனைவி வெளியே வந்து என்னோடு நின்றபோது மனேச்சர் எங்களைக் கடந்து போனார். மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். அந்தத் தலையசைப்புக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். மனைவி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

மாதங்கள் போயின. அறுவடை முடிந்தது. கொழும்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் பின்னேரங்களில் திடலுக்குப் போவதை விடவில்லை. அழைப்பு வந்தபோது நான் குசினியில் மகளுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் முற்றத்தில் நின்று கதைப்பதை யன்னலால் பார்த்தேன். கேட்கவில்லை. தலையை ஆட்டினாள், பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். முட்டை கருகிவிட்டது.

உள்ளே வந்து, "வரச் சொல்லீனம். அந்தச் சின்னனையும் எடுத்திருக்கினம், என்னையும். ஆர் தொடங்குறது எண்டு பயிற்சியிலை பாப்பினமாம்" என்றாள். பிறகு, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். தலைவியும் தன்ரை மகனைக் கொண்டு வாறாளாம். ரெண்டு பேருமாய் ஒரு வீடு எடுக்கலாம் எண்டவள்."

"அப்ப நான்?"

"நீங்கள் கொழும்புக்கு இடமாற்றம் கேளுங்கோவன்" என்றாள்.

கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் என்னைப் பார்த்து, மனைவிக்குப் பின்னால் கொழும்புக்குப் போகிற முதல் ஆள் நீதான் என்று சிரித்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. அக்கா மகளுக்கு ஐந்தாறு சட்டை தைத்து முடித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பெரிய மடிப்பு விட்டிருக்கிறாள். தாயைப்போல வளர்ந்துவிடுவாளாம். பயிற்சி அடுத்த கிழமை தொடங்குகிறது. கொழும்பு ரோட்டைப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படிக் கடப்பது என்று நேற்று மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு பழைய சப்பாத்தைத் துடைத்து விளையாட்டுப் பைக்குள் வைத்தாள்.